அடி வெட்டிய கோடு

அக்காவின் பெயரை நான் எழுதப்போவதில்லை. மரியாதை ஒரு பக்கம் இருக்கட்டும், பயம்தான் காரணம். பெயரைப் போட்டால் யாராவது கொண்டுபோய்க் காட்டிவிடுவார்கள். அவள் படிப்பாள். படித்துவிட்டுத் திட்டினால்கூடப் பரவாயில்லை, "சரி, இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? அவள் வாயால் அந்தச் சொல்லை வாங்கியவர்கள் யாரும் நிம்மதியாக இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

சண்டை போட்டாள் என்றால் பயமில்லை. மில் கேட் பக்கம் நின்று கையை நீட்டிக் கத்துவாள், மறுநாள் அதே ஆளிடம் "சாப்ட்டியாலே?" என்று கேட்பாள். சத்தம் வந்தால் கோபம் வெளியே போய்விட்டது என்று அர்த்தம். சிரித்த முகமாக "சரி, இருக்கட்டும்" என்றாளோ, அது உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. எப்போது எழுந்து வரும் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அவள் வீட்டுக்குப் போகிற வழியில் ஒரு பால்கோவாக் கடை இருந்தது. என்றைக்கோ அங்கே வாங்கிய பால்கோவாவில் புளித்த வாடை அடித்திருக்கிறது. திருப்பிக் கொண்டுபோனபோது, "எங்க கடையிலதான் வாங்கினீங்களா, நல்லா ஞாபகம் இருக்கா?" என்று கல்லாவில் இருந்தவர் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். அக்கா "சரி, இருக்கட்டும்" என்று வந்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் அந்தக் கடைக்கு விடாமல் போனாள். கோயிலுக்கு வந்த வெளியூர்க் கூட்டம் கடையில் நிற்கிற நேரமாகப் பார்த்துப் போவாள். ஒருமுறை நானும் கூட இருந்தேன்.

"இன்னைக்குப் போட்டதா?"

"இன்னைக்குத்தான்க்கா. சூடே ஆறல பாருங்க."

"மோந்து பாக்கலாமா?"

கடைக்காரர் என்ன செய்வார்? இலைத் துண்டில் கொஞ்சம் எடுத்து நீட்டினார். அக்கா கண்ணை மூடி, மூச்சை இழுத்து, செத்த நேரம் அப்படியே நின்றாள். சுற்றி நின்ற கூட்டம் முழுக்க அவள் மூக்கையே பார்த்தது. "ம்ஹும்" என்றாள். அவ்வளவுதான். இறங்கி எதிர்க் கடைக்குப் போய் அரைக் கிலோ வாங்கினாள். பின்னாலேயே அந்தக் கூட்டத்தில் பாதி வந்தது.

"ஏன்க்கா, நல்லாத்தானே வாசம் வந்துச்சு?" என்றேன்.

"நான் கெட்டுப்போச்சுன்னு சொன்னனா? ம்ஹும்னேன். பொய் சொல்லக் கூடாதுடி. பொய் சொல்லிப் பழி வாங்கினா அது பழியில்ல, களவு."

கடை கைமாறிய பிறகுதான் அந்தப் பக்கம் போவதை நிறுத்தினாள்.

ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம், அப்படித்தான் அவள் எனக்கு அக்கா ஆனாள். எட்டாம் வகுப்பு முடிக்காமல் நின்றவள் நான். மில்லுக்குள் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியாகக் கரண்ட் மீட்டர் உண்டு. பஞ்சைச் சிக்கெடுக்கிற கார்டிங்குக்கு ஒன்று, நூல் நூற்கிற ஸ்பின்னிங்குக்கு ஒன்று, காற்றை அழுத்திக் குழாயில் அனுப்புகிற கம்ப்ரசர் ரூமுக்கு ஒன்று, இப்படி. ஷிப்டு முடிகிறபோது ஒவ்வொரு மீட்டராகப் போய், ஓடியிருக்கிற எண்ணைப் பார்த்து எழுதி, ஆபீசில் அக்காவிடம் கொடுப்பது என் வேலை. அவள் அதைக் கம்ப்யூட்டரில் டேபிளாக ஏற்றுவாள்.

எதை எழுதினாலும் எனக்கு நிம்மதி கிடையாது. ஏழு என்பதை ஒன்று என்று எழுதிவிட்டேனோ, கடைசி எண்ணை விட்டுவிட்டேனோ என்று பாதி வழியில் திரும்பி ஓடுவேன். வீட்டுக்குப் போய்ப் படுத்தால், கேஸை அணைத்தேனா என்கிற நினைப்போடு மீட்டர் நினைப்பும் சேர்ந்து வந்து உட்கார்ந்துகொள்ளும். மற்றவர்கள் கேலி செய்வார்கள். அக்கா செய்யமாட்டாள்.

"ஒன் பயம் எனக்கு வேணும்டி. பயந்தவ எழுதுற நம்பர்லதான் பொய் இருக்காது."

எனக்கு முன்னால் ரீடிங் எடுத்தவனுக்கு மீட்டர் வரைக்கும் நடக்க அலுப்பு. முந்தைய எண்ணோடு ஒரே அளவைக் கூட்டிக் கூட்டி, நாற்காலியில் உட்கார்ந்தபடியே எழுதிவிடுவான். பல மில்களில் உள்ள பழக்கம்தான், யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அக்கா அதைக் கோடாகப் போட்டபோது ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி வந்தது.

"ஏலே, கரண்டு என்ன ரயில் தண்டவாளமா, இம்புட்டு நேராப் போக? மெஷின் நிக்கும், ஓடும், நூல் அறும். கோடு செத்த நெளியணும்லா?"

"ஒனக்குக் கோடு வந்தாப் போதாதா? நீ என்ன மொதலாளி பொண்டாட்டியா?"

"சரி, இருக்கட்டும்."

அடுத்த திங்கட்கிழமை அந்த நேர்கோடு பெரிய தாளில் டைம் ஆபீஸ் பக்கத்துப் பலகையில் தொங்கியது. கீழே அவன் பெயர்கூட இல்லை. பார்த்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவனைப் பஞ்சு குடோனுக்கு மாற்றினார்கள். அந்த இடத்துக்குத்தான் நான் வந்தேன். ஆக, என் வேலையே அக்காவின் பழியில் முளைத்ததுதான்.

கோடு போடுவது நான் வருவதற்கு முன்பெல்லாம் மேனேஜர் கையில் இருந்தது. கோயம்புத்தூர்ப் பக்கத்து மனிதர். வெள்ளைச் சட்டையில் ஒரு பஞ்சு இழைகூட ஒட்டாது. யாரிடமும் 'ங்க' போடாமல் பேசமாட்டார். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று, "எட்டாவதுகூட முடிக்கலீங்களா? நம்பர் வாசிச்சுருவீங்களா?" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, அவ்வளவு மரியாதையாகக் கேட்டார். வைதிருந்தால் மறந்திருப்பேன். மரியாதையாகக் கேட்டதை இன்றைக்கு வரை மறக்க முடியவில்லை. முன்பு திங்கட்கிழமைதோறும் காலை முழுக்க உட்கார்ந்து டேபிளில் ஒவ்வொரு பகுதியாக எடுத்து, மௌஸைத் தட்டித் தட்டி, கலர் கொடுத்து, கோடு போடுவார். முதலாளிக்கு எண்களைப் பார்க்கப் பொறுமை கிடையாது. கோடு ஏறுகிறதா இறங்குகிறதா, அதுதான் அவருக்கு.

அக்கா ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் வருகிறபோதும் போகிறபோதும் போனில் வீடியோ பார்த்து, கம்ப்யூட்டருக்கு வேலை சொல்கிற ஸ்க்ரிப்ட் எழுதக் கற்றுக்கொண்டாள். எனக்கு அதில் ஒன்றும் புரியாது. கறுப்புத் திரையில் கலர் கலராக இங்கிலீஷ் எழுத்து. டேபிளை ஒரு இடத்தில் வைத்துவிட்டு ஒரு சாவியைத் தட்டினால், சட்டியிலிருந்து பணியாரத்தைக் குத்தி எடுத்து வைப்பதுபோல எல்லாப் பகுதிக்கும் கோடு ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழும். மேனேஜர் வாயைப் பிளந்தாராம்.

"இதை எப்படிங்கம்மா செஞ்சீங்க?"

அன்று மதியமே முதலாளியிடம், "நாங்க எல்லாத்தையும் ஆட்டோமேட்டிக் பண்ணிட்டோமுங்க" என்று சொன்னார். அக்கா பக்கத்தில்தான் நின்றாள். அன்றிலிருந்து கோடு போடுவது அக்காவின் வேலை ஆனது. மில்லில் அவளுக்குக் 'கோட்டுக்காரி' என்று பெயரும் ஆனது.

அந்தப் பெயரை நாங்கள் பயத்தோடு சொன்னோம் என்று நினைக்க வேண்டாம். பெண்கள் கக்கூஸில் தண்ணீர் கண்டபடி செலவாகிறது, பூட்டுப் போட்டுச் சாவியைச் சூப்பர்வைசர் வைத்துக்கொள்ளட்டும் என்று ஒரு பேச்சு வந்தது. அவசரத்துக்குப் போய் ஓர் ஆம்பளையிடம் சாவி கேட்டு நிற்க வேண்டும். எங்களுக்குச் சோறு இறங்கவில்லை. அக்கா தண்ணீர் மீட்டர் எண்களை வாங்கினாள். பெண்கள் கக்கூஸுக்கு ஒரு கோடு, ஆபீசர்கள் குடியிருக்கிற குவார்ட்டர்ஸுக்கு ஒரு கோடு, இரண்டையும் ஒரே தாளில் போட்டுப் பலகையில் ஒட்டினாள். நூல் சுற்றுகிற வைண்டிங் பெண்கள் கூடிவிட்டார்கள்.

"ஏட்டி, இதுல நாம எது?"

"அந்தா கீழ செத்த பாம்பு மாதிரி கெடக்கே, அது."

"அப்ப மேல நின்னு ஆடுறது?"

"அது ஆபீசர் வீட்டு ரோசாச் செடி."

சிரித்த சிரிப்பில் சூப்பர்வைசர் அந்தப் பக்கம் வராமல் சுற்றிப் போனார். பூட்டு வரவே இல்லை. அன்றைக்கு எங்களுக்கு அவள் குலசாமி மாதிரி.

ஆனால் குலசாமிக்கும் கோபம் உண்டு. கார்டிங்கில் ஒரு மேஸ்திரி இருந்தார். அவர் பகுதியின் கோடு மட்டும் திங்கட்கிழமைதோறும் செங்குத்தாக ஏறி, விழுந்து, மறுபடி ஏறியது. மேனேஜர் கூப்பிட்டு விசாரித்தார். மேஸ்திரி மெஷினைக் கழற்றினார், எண்ணெய் போட்டார், பெல்ட்டை மாற்றினார். கோடு அடங்கவில்லை. மனிதர் இளைத்துப்போனார். கடைசியில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்துத் திருவண்ணாமலையில் மலையேறி, பெருமாளுக்கு மொட்டை போட்டுவிட்டு வந்தார். வந்த திங்கட்கிழமையே கோடு படுத்துவிட்டது. தரையோடு தரையாக, அசையாமல்.

"பெருமாள் எறக்கிட்டாருல்லா!" என்று மில் முழுக்க லட்டு கொடுத்தார். அக்காவுக்கும் ஒன்று கொடுத்தார். அவள் வாங்கித் தின்றாள்.

எனக்கு மட்டும் உறுத்தியது. கார்டிங் மீட்டரில் நான் எழுதிய எண்கள் முன்பும் அப்படித்தான் இருந்தன, பின்பும் அப்படித்தான் இருந்தன. எங்காவது தப்பாக எழுதிவிட்டேனோ என்று பழைய தாள்களை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். அக்காவிடம் போய் அழாத குறையாகக் கேட்டேன்.

"நீ எழுதுனது சரிதான்டி. நான்தான் அடிய வெட்டிருந்தேன்."

"அடியவா?"

அவள் மூலையில் காய்ந்த தன் துண்டை எடுத்து, அங்கே டீ குடித்துக்கொண்டிருந்த இரண்டு பெண்களை வரிசையாக நிற்கச் சொன்னாள். ஒருத்தி மற்றவளைவிட ஒரு விரக்கடைதான் உயரம். துண்டை அவர்கள் முகத்துக்கு முன்னால் குறுக்கே பிடித்தாள்.

"இப்பப் பாரு. குட்டைக்கு உச்சி மட்டும் தெரியுது. நெட்டைக்கு நெத்தி வர தெரியுது. கால் தெரியாம பாக்கவன் என்ன நெனப்பான்? இவ அவளவிட ரெண்டு மடங்கு வளந்தவன்னு நெனப்பான். துண்ட எடுத்துட்டா? ரெண்டும் ஒரே உசரம். கோடும் அப்படித்தான். தாளோட அடி பூஜ்யத்துல இருந்து தொடங்குச்சுன்னா கோடு அடங்கிக் கெடக்கும். அடிய வெட்டிட்டு, நம்பர் எங்க கிட்டக்கிட்ட கெடக்கோ அந்த இடத்த மட்டும் காட்டினா, மேடெல்லாம் மலை."

"அப்ப பொய்தானக்கா?"

"எது பொய்? ஓரத்துல நம்பர் போட்டிருக்கு. எங்க இருந்து தொடங்குதுன்னு போட்டிருக்கு. ஒரு நம்பர் மாத்தலையே நான். ஓரத்தப் பாக்காதது யார் குத்தம்?"

பூஜ்யத்திலிருந்து தொடங்கு என்று ஸ்க்ரிப்டில் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு வரி எழுதி வைத்திருந்தாள். வேண்டாதவர்களுடைய வரிக்கு முன்னால் ஒரு ஹேஷ் குறி, #. அதைப் போட்டுவிட்டால் அந்த வரி இருக்கும், ஆனால் கம்ப்யூட்டர் அதைப் படிக்காமல் தாண்டிவிடும்.

"மேஸ்திரி ஒனக்கு என்னக்கா பண்ணினார்?"

"எங்க வீட்டுக்காரர காத்துத் திருடன்னு சொன்னான்."

"பொறவு ஏன் விட்டுட்ட?"

"அந்த மொட்டத் தலையப் பாத்துட்டேன். சிரிப்பு வந்துட்டு. சிரிச்ச பொறவு கோவம் நிக்க மாட்டேங்குதுடி."

காத்துத் திருடன். அந்தக் கதை மில்லில் எல்லாருக்கும் தெரியும். அக்காவின் வீட்டுக்காரர் அதே மில்லில் கம்ப்ரசர் ரூமில் இருந்தவர். அவர் பார்வையில் இருந்தபோது கம்ப்ரசருக்கு ஆகிற கரண்ட் ஏறிக்கொண்டே போகிறது என்று மேனேஜர் ஒரு கோட்டைச் சுவரில் காட்டினார். கோடு பிளவக்கல் மலை மாதிரி நின்றதாம். குழாயில் காற்று ஒழுகுகிறது, இவர் பார்க்காமல் தூங்குகிறார் என்று ஆனது, காணாமல்போன காற்றுக்கு இவர்தான் திருடன் என்று கேலிப் பெயரும் ஒட்டியது. எங்கள் ஊர் மில்களில் யாரையும் போ என்று சொல்லமாட்டார்கள், "நீங்களா ராஜினாமா எழுதிக் கொடுத்துருங்க" என்பார்கள். மேனேஜரும் அப்படித்தான் சொன்னார், 'ங்க' போட்டு. பாவம் பார்த்து, பன்னிரண்டாவது படித்த மனைவிக்கு ஆபீசில் டைப் அடிக்கிற வேலையும் கொடுத்தார்.

வீட்டுக்காரர் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் வாட்ச்மேனாகப் போய் உட்கார்ந்தார். நான் அவரைப் பார்த்திருக்கிறேன். நல்ல மனிதர், கேட்டதற்குப் பதில் சொல்வார். அவர்கள் வீட்டு முற்றத்துக் குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது. "அண்ணாச்சி, ஒரு வாஷர் மாத்தினா நின்னுரும்லா?" என்று நான் சும்மா சொல்லிவைத்தேன். அவர் கையை மடியில் வைத்துக்கொண்டு, "நான் தொட்டா இன்னும் ஜாஸ்தியாத்தான் ஒழுகும்மா" என்றார். வேறு ஆளைக் கூப்பிடலாமே என்று அக்காவிடம் கேட்டேன்.

"ஒழுகட்டும். அந்தச் சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கணும் எனக்கு."

ஆபீசுக்கு வந்து நெடுநாள் கழித்துத்தான் அக்காவின் கையில் அந்தப் பழைய டேபிள் அகப்பட்டது. கம்ப்ரசர் எண்களைப் பார்த்தாள். ஏறியிருந்தது, உண்மைதான். சோற்றில் ஒரு பருக்கை கூடின மாதிரி ஏறியிருந்தது. முதலில் வேறு டேபிளைப் பார்க்கிறோமோ என்று நினைத்தாளாம். பிறகு கோட்டைத் திறந்தாள். அடி வெட்டியிருந்தது. பஸ்ஸில் வீடியோ பார்க்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

மேனேஜருடைய காலம் ஏறிக்கொண்டிருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் புது யூனிட் கட்டி முடித்திருந்தார்கள். இரண்டுக்கும் அவரையே தலையாக வைப்பது என்று முதலாளியின் மகன், சின்ன முதலாளி, நினைத்துக்கொண்டிருந்தார். ஒரே ஒரு காரியம் பாக்கி. மேனேஜர் சொன்னதைக் கேட்டு ஸ்பின்னிங்கில் மோட்டார்களை எல்லாம் மாற்றியிருந்தார்கள், கரண்ட் குறையும் என்று அவர் வாக்குக் கொடுத்திருந்தார். குறைந்ததா என்று புது யூனிட்டில் ஒரு கூட்டம் போட்டுக் கோட்டைக் காட்ட வேண்டும்.

குறையவில்லை. கூடவும் இல்லை என்றே சொல்லலாம். வெயில் காலம், மெல்லிய நூல் வேறு ஓட்டினார்கள், அதனால் துளித் துளியாக ஏறியிருந்தது. எழுதியவள் நான், எனக்குத் தெரியும். பூஜ்யத்திலிருந்து போட்டால் கொடிக்கயிறு மாதிரி இருக்கும். "இப்போதைக்கு இப்படிங்க, மழை வந்தா இறங்குமுங்க" என்று சொல்லித் தப்பித்துவிடலாம்.

கூட்டத்துக்கு முந்தின நாள் மத்தியானம் அக்கா ஸ்க்ரிப்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஸ்பின்னிங் வரிக்கு முன்னால் அந்தக் குறி இல்லை. அதுவரை அவருடைய கோட்டை அவள் ஒருமுறைகூட வெட்டியதில்லை. காத்திருந்திருக்கிறாள்.

"அக்கா, அன்னைக்கு சார் வேணும்னேதான் வெட்டினாரா?" என்று கேட்டேன்.

"இல்லடி." அவள் திரும்பவில்லை. "அவருக்கு இது தெரியவே தெரியாது. நாம ஒண்ணும் சொல்லாம விட்டா கம்ப்யூட்டரே தானா வெட்டிரும். அவர் சும்மா மௌஸத் தட்டினார், அது வெட்டிக் குடுத்துச்சு. அம்புட்டுத்தான்."

"அப்ப அவர் மேல தப்பில்லையே?"

"ரோட்ல ஒருத்தன் பாக்காம வண்டிய ஒன் கால்ல ஏத்திட்டுப் போறான். பாக்கலங்கறதுக்காக எலும்பு ஒடியாம இருக்குமா? அந்த நம்பர ஒரு தடவ, ஒரே ஒரு தடவ எட்டிப் பாத்திருந்தார்னா போதும். நீ எட்டாப்பு. ஒரு எழுத்து தப்பிருமோன்னு பாதி வழியில திரும்பி ஓடுத. அவர் உக்காந்த எடத்துல இருந்து ஓரத்தப் பாக்கல."

ஒரு சாவியைத் தட்டினாள். ஹேஷ் விழுந்தது.

"கம்ப்யூட்டர் தானா வெட்டினது அவரு கோடு. நான் தெரிஞ்சே வெட்டுதேன். நாளைக்கு யாராவது கேட்டா அதையும் ஒத்துக்கிடுவேன். பொய் சொல்ல மாட்டேன்."

தாளை எடுத்துக்கொண்டு நேராக அவர் அறைக்குப் போனாள். கதவுக்கு வெளியே நான் நின்றேன். "சார், நாளைக்குக் காட்டுறது. ஒரு தடவ பாத்துருங்க சார்." அவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். கையால் தாளை நகர்த்திவிட்டு, "நீங்க போட்டா சரியாத்தானுங்க இருக்கும்" என்றார். வெளியே வந்த அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அதில் சிரிப்புக்கு இடமே இல்லை.

இரவெல்லாம் எனக்குத் தூக்கம் இல்லை. கண்டுபிடித்தால் அக்காவோடு என் வேலையும் போகும். அவரிடம் போய்ச் சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன். பிறகு அந்த "நம்பர் வாசிச்சுருவீங்களா?" நினைவுக்கு வந்தது. திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

புது யூனிட்டில் பெயிண்ட் வாடை போகவில்லை. வெள்ளைச் சுவரில் கோடு வந்து விழுந்தது. கீழ் மூலையில் தொடங்கி மேல் மூலையில் போய் முட்டியது. யாரோ "அடேயப்பா" என்றார்கள். சின்ன முதலாளி நாற்காலியை முன்னால் இழுத்தார்.

"என்ன சார் இது? மோட்டார் மாத்தினா எறங்கும்னீங்க. மலை ஏறுதே?"

மேனேஜர் சுவரைப் பார்த்தபடியே நின்றார். "நம்பர் கரெக்டுங்களாம்மா?" என்று அக்கா பக்கம் திரும்பினார்.

"கரெக்ட் சார். ரீடிங் எடுத்த பிள்ளையே இங்கதான் நிக்கா, கேளுங்க."

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. "சரிதான் சார். திரும்பப் போய்ப் பாத்துப் பாத்துத்தான் எழுதினேன்." அதில் ஓர் எழுத்துப் பொய் இல்லை.

"வெயில் காலமுங்க. நைஸ் நூல் ஓட்டுறோமுங்க..."

"வெயில் என்ன, உங்க மோட்டாருக்கு மட்டும்தான் அடிக்குதா?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். சுவரின் இடது ஓரத்தில் எண்கள் வரிசையாக, தெளிவாக, யாரும் படிக்கலாம் என்பதுபோல இருந்தன. "ஐயா, அந்த ஓரத்தைப் பாருங்க" என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மலை அந்த இடத்திலேயே மேடாகியிருக்கும். அவர் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பாவமாக இருந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். இருக்கவில்லை. அந்த வெள்ளைக் காலர் நனைய நனைய எனக்குள் என்னவோ குளிர்ந்தது.

புது யூனிட்டுக்கு வேறு ஆள் என்று முடிவானது. பழைய யூனிட்டிலும் அவர் இருக்கத் தேவையில்லை என்று கொஞ்ச நாளில் ஆனது. அவரிடமும் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள்.

கடைசி நாள் காலையில் அவர் சாமான்களை அட்டைப் பெட்டியில் எடுத்து வைத்துக்கொண்டு, போகிற வழியில் அக்காவின் மேஜைக்கு வந்தார். நான் ரீடிங் தாளோடு அங்கேதான் இருந்தேன்.

"வரேனுங்கம்மா. உங்க வேலையில ஒரு குறை சொல்ல முடியாதுங்க. நல்லா இருங்க."

இதோடு போய்விடுவார் என்றுதான் நான் நினைத்தேன். போய்விட வேண்டும் என்றும் நினைத்தேன். எல்லாம் முடிந்தது, இனி யாருக்கும் தெரியப்போவதில்லை, என் வேலைக்கும் ஆபத்தில்லை. அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"செத்த உக்காருங்க சார். ஒண்ணு காட்டணும்."

அவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார். அக்கா ஸ்பின்னிங் டேபிளைத் திறந்தாள். ஸ்க்ரிப்டில் அந்த ஹேஷ் குறியை அவர் கண் முன்னாலேயே அழித்தாள். சாவியைத் தட்டினாள். கொடிக்கயிறு மாதிரி ஒரு கோடு வந்தது. பக்கத்தில் அந்த மலையையும் திறந்து வைத்தாள்.

"இது எந்த மாசமுங்க?"

"ரெண்டும் ஒண்ணுதான் சார். அதே டேபிள். அதே நம்பர்."

அவர் ஓரத்தில் விரலை வைத்துக் கீழிருந்து மேலாக எண்களைப் படித்தார். உதடு அசைந்தது. பிறகு மற்ற ஓரத்தைப் படித்தார். விரல் நின்றது.

"இதை அன்னைக்குக் காட்டியிருக்கலாமேங்கம்மா."

"காட்டியிருக்கலாம் சார்."

அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் அக்காவின் பழி அரைகுறையாக நின்றிருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. அவளை நிமிர்ந்து பார்த்தார். எதற்கு என்று கேட்க வாயைத் திறந்தவர் கேட்கவில்லை. முகத்தில் ஒவ்வொன்றாக வந்து சேர்வது தெரிந்தது.

"உங்க வீட்டுக்காரருங்க..." என்றார். "அந்தக் கம்ப்ரசர்..."

"அந்த டேபிளும் இதுக்குள்ளதான் சார் இருக்கு. போடட்டா?"

வேண்டாம் என்று கையைத் தூக்கினார். அக்கா அதற்குள் தட்டிவிட்டாள். கோடு வந்தது. படுத்திருந்தது, ஒரு சின்ன நெளிவோடு.

"ஏட்டி, சாருக்கு ஒரு டீ வாங்கிட்டு வா" என்றாள் என்னிடம். குரலில் கோபமே இல்லை. நான் ஓடிப்போய் வாங்கிவந்து அவர் முன்னால் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை. டீ ஆறி, மேலே ஏடு கட்டி, அந்த ஏடு சுருங்குகிற வரைக்கும் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்கா அவரை அவசரப்படுத்தவே இல்லை.